ஆளில்லாத கார் பின்னால் வருகிறது

நம் ஊரில் கார் நடுவழியில் நின்றுபோனால் டோச்சன் கட்டி இழுப்பார்கள். முன்னால் ஒரு லாரியோ வேனோ போகும். பின்னால், பழுதான காருக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது, முன்வண்டி மெதுவானால் பிரேக்கை மிதிப்பது, சங்கிலி தொய்யாமல் பார்த்துக்கொள்வது, ஏதாவது சத்தம் வந்தால் ஹாரன் அடித்து நிறுத்தச் சொல்வது, எல்லாம் அவர் வேலை. அந்த ஆள் இல்லாமல் டோச்சன் கட்ட எந்த மெக்கானிக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் கோடைக்காலத்தில் போனால் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். பஸ் அளவுக்கு ஒரு மோட்டார்ஹோம் போகும். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. அதன் முதுகை ஒட்டினாற்போல ஒரு ஜீப், நான்கு சக்கரமும் தரையில் உருள, அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்படியே போகும்.

இதன் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் கொக்கி உறுதியா, கம்பி தாங்குமா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அது தேவையான கேள்விதான். ஆனால் நான் வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். டோச்சன் கட்டிய காருக்குள் உட்கார்ந்திருந்தாரே, அந்த ஆள் செய்த வேலைகளை இங்கே யார் செய்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் புறப்படும் முன்பே ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். விட்டுப்போன வேலையை வழியில் செய்ய ஆள் கிடையாது.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். மொண்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் திறந்துவைக்கப்பட்ட கோயிங்-டு-த-சன் மலைச்சாலைதான் அதன் உயிர். அந்தச் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. 30, 35 அடி மோட்டார்ஹோமில் வந்தவர் அதை முகாமிலேயே நிறுத்திவிட்டு வேறு ஏதாவது வண்டியில்தான் மேலே போக முடியும். பால் வாங்கப் போவதற்குக் கூட வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டியிருப்பதும் ஒரு தொல்லை. அதனால் கூடவே ஒரு காரை இழுத்துவருகிறார்கள். அப்படி வரும் காரை அங்கே செல்லமாக ‘டோட்’ என்கிறார்கள். இழுக்கப்பட்டது என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தேரைக்கான சொல்லும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழுவதால் வந்த பெயர்.

காரைக் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு. நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி டோ பார் என்ற இழுகம்பியில் மாட்டி இழுப்பது ஒன்று. முன்சக்கரம் இரண்டையும் டாலி என்கிற சிறு வண்டியில் ஏற்றி, பின்சக்கரங்கள் மட்டும் உருளும்படி இழுப்பது இரண்டாவது. முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றிவிடுவது மூன்றாவது. டிரெய்லரில் எந்தக் காரையும் கொண்டுபோகலாம். ஆனால் டிரெய்லரின் எடையும் கணக்கில் சேரும், முகாமில் அதை நிறுத்தவும் இடம் வேண்டும். டாலி, முன்சக்கர இயக்கம் உள்ள கார்களுக்கு ஏற்றது. நான்கு சக்கர இயக்கம் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் ஆகாது. அடிக்கடி பயணம் போகிறவர்களில் பலருக்கு முதல் வழிதான் பிடிக்கிறது. மாட்டவும் கழற்றவும் சில நிமிடம் போதும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதல் தடை கியர்பாக்ஸ். நியூட்ரலில் போட்டுவிட்டால் எந்தக் காரையும் இழுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த நினைப்பால் பாழான கியர்பாக்ஸ்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகளில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இஞ்சின் சுழன்றால்தான் சுழலும். இழுக்கும்போது இஞ்சின் அணைந்திருக்கிறது. ஆனால் சக்கரங்கள் உருள்வதால் கியர்பாக்ஸின் பின்பாதி சுழன்றுகொண்டே இருக்கிறது. எண்ணெய் வராமல் உலோகத்தோடு உலோகம் உரசும். சில பத்து கிலோமீட்டர் தாண்டினாலே உள்ளே சூடேறி கெட்டுப்போகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. முகாமுக்கு வந்து காரைக் கழற்றி கியர் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஜீப் ராங்க்ளர் இந்த மோட்டார்ஹோம் உலகத்தில் இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் இதுதான். அதில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று தனிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நியூட்ரல் உண்டு. அதைப் போட்டுவிட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். அப்புறம் ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கில் வைக்கலாம், மேனுவலாக இருந்தால் கியரில் விடலாம். கீழே சக்கரம் எத்தனை மணி நேரம் உருண்டாலும் கியர்பாக்ஸ் சும்மா தூங்கும். ஆனால் டிரான்ஸ்பர் கேஸ் உண்மையிலேயே நியூட்ரலுக்குப் போனதா என்று பார்க்காமல் புறப்பட்டால் அதே வசதி எமனாகிவிடும். லீவர் தவறிப்போய் நான்கு சக்கர லோ கியரில் நின்று, மேனுவல் கியர்பாக்ஸும் கியரில் இருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் சக்கரங்கள் இஞ்சினை அதன் வரம்பைப் பல மடங்கு தாண்டிச் சுழற்றி நொறுக்கிவிடும். அதனால்தான் ஒரு சோதனை சொல்லியிருக்கிறார்கள். டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் போட்டபின் இஞ்சினை ஓடவிட்டு, ரிவர்ஸ் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துச் சில நொடி பார்ப்பது. பிறகு டிரைவில் போட்டும் அப்படியே பார்ப்பது. கார் இம்மி அசைந்தாலும் நியூட்ரல் விழவில்லை என்று பொருள். ஒரு நிமிட வேலை. இதை ஒருநாளும் விடக் கூடாது.

மற்ற கார்களில் பதில் மாடலுக்கு மாடல் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். ஹோண்டா சி.ஆர்.வி. நல்ல உதாரணம். 2014 வரை வந்த அமெரிக்க மாடல்களை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று ஹோண்டாவின் கையேடே சொன்னது. அதற்கும் ஒரு சடங்கு இருந்தது: இஞ்சினை ஓடவிட்டு, கியரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி, 3 நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். 2015இல் கியர்பாக்ஸ், தனித்தனி கியர் படிகள் இல்லாத சி.வி.டி. வகைக்கு மாறியதும் அந்த அனுமதி போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கார். டெஸ்லா போன்ற மின்சாரக் காரில் சக்கரத்தோடு மோட்டாரும் சேர்ந்தே சுழலும். அதனால் சக்கரம் தரையில் உருள அதைக் கொண்டுபோகவே கூடாது என்று கையேடு தடுக்கிறது. ஆகவே விற்பவர் சொன்னார், பக்கத்து முகாமில் இருப்பவர் அதே காரைத்தான் இழுக்கிறார் என்றெல்லாம் நம்பிவிடாதீர்கள். உங்கள் காரின், உங்கள் ஆண்டின், உங்கள் கியர்பாக்ஸின் கையேட்டில் அதற்கென்று இருக்கும் பகுதியை நீங்களே படியுங்கள். அதில் அனுமதி இல்லையென்றால் டாலியைப் பற்றியோ டிரெய்லரைப் பற்றியோ யோசிக்க வேண்டியதுதான்.

அடுத்தது எடை. மோட்டார்ஹோமில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: சாமான், தண்ணீர், ஆட்களோடு அந்த வண்டி மட்டும் இருக்கக்கூடிய உச்ச எடை, அதுவும் அது இழுத்துவரும் காரும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை, ஹிட்ச் எனப்படும் பின்பக்க இணைப்புக் கொக்கி தாங்கும் எடை. நடுத்தர மோட்டார்ஹோம்கள் பலவும் ஃபோர்டு ஈ-450 சேஸிஸில் (இஞ்சினும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்) கட்டப்படுகின்றன. அதில் முதல் எண் 14,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 6,580 கிலோ. இரண்டாவது 22,000 பவுண்டு, சுமார் 9,980 கிலோ. வித்தியாசம் 3,400 கிலோ, அவ்வளவு பெரிய காரை இழுக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் மோட்டார்ஹோமைக் கட்டிய நிறுவனம் பொருத்திய ஹிட்ச் 5,000 பவுண்டுக்கானது என்றால் கதை 2,270 கிலோவில் முடிந்துவிட்டது. டோ பார், காரின் முன்பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்தும் பேஸ் பிளேட், நடுவில் உயரம் சரிசெய்யும் இணைப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. வரிசையில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. இந்தக் கணக்கைக் காகித எடையை வைத்துப் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, சமையல் வாயு, மிதிவண்டிகள், அலமாரி நிறையப் பொருள் என்று ஏற்றியபின் எடை எங்கேயோ போய் நிற்கும். லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கிறது. முழுச் சுமையோடு ஒருமுறை ஏற்றி, ஒவ்வொரு ஆக்சிலின் எடையையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பிரேக்கைப் பற்றி ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சேஸிஸின் பிரேக்குகள் பொதுவாக முதல் எண்ணுக்காக, அதாவது மோட்டார்ஹோமை மட்டும் நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை. இரண்டாவது எண் வரை இழுக்க முடியும் என்றால் அது வரை நிறுத்தவும் முடியும் என்று பொருளில்லை. கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நிறுத்துவது வடம் இல்லை, சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர்தான். வடத்தால் முன்னே இழுக்க மட்டுமே முடியும். டோ பார் வடத்தைப் போலத் தொய்யாது என்பது உண்மை. ஆனால் தொய்யாததால்தான் பின்னால் வரும் காரின் தள்ளல் முழுவதும் அப்படியே மோட்டார்ஹோமின் முதுகில் இறங்குகிறது. 1,900 கிலோ காரில் பிரேக் எதுவும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஏதோ குறுக்கே வர, ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 18 கி.மீ. வேகம் குறையும்படி அழுத்தி மிதிக்கிறீர்கள். அந்த நேரத்தில் கார் ஹிட்சை ஏறக்குறைய 950 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். நேர்ச்சாலையில் நிற்கும் தூரம் நீளும். ஈர வளைவில் அந்தத் தள்ளல் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கப் பார்க்கும்.

மலை இறக்கத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை, கடல்மட்டத்துக்கு 3,400 மீட்டர் உயரத்தில் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்குகிறது. சரிவு சில இடங்களில் 7 சதவீதம். உயர வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல். பிரேக் போன லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே அங்கே மண்மேட்டுப் பாதை வைத்திருக்கிறார்கள். 10 டன் எடையை 600 மீட்டர் இறக்கும்போது வெளிவரும் ஆற்றல், 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றும், தாழ்ந்த கியரில் இஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக் டிஸ்குகளில் வெப்பமாகத்தான் இறங்க வேண்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, மிதி இருந்தும் பிடி இல்லாமல் போகும். ஆகவே உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொண்டு, இடையிடையே அழுத்தமாக மிதித்து விட்டு, ஆறவிட்டு இறங்குவதுதான் முறை. பின்னால் வரும் காரின் நான்கு பிரேக்குகளும் தன் பங்கை எடுத்துக்கொண்டால் அந்த வெப்பம் எட்டு இடமாகப் பிரியும்.

காருக்குள் ஆளில்லையே, யார் மிதிப்பது? அதற்குத்தான் துணை பிரேக் கருவிகள். ஒருவகை, ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைக்கும் பெட்டி. மோட்டார்ஹோம் வேகம் குறைவதை உணர்ந்து ஒரு கை நீண்டு காரின் பிரேக் மிதியை அழுத்தும். இன்னொரு வகை காரிலேயே நிரந்தரமாகப் பொருத்துவது. காற்று பிரேக் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோம் என்றால் அதன் காற்றழுத்தத்தையே காருக்குக் கொண்டுபோகும் ஏற்பாடும் உண்டு. முன்னால் எவ்வளவு அழுத்தமாக மிதிக்கிறோமோ அந்த அளவுக்கே பின்னாலும் பிடிக்கிற வகைதான் நல்லது. பெட்டி வகையை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஞ்சின் அணைந்த காரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும். அதனால் மிதியை நாலைந்து முறை அழுத்தி அந்த வெற்றிடத்தைத் தீர்த்து, மிதி கல் போல ஆனபிறகுதான் கருவியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். வழியில் எதற்காகவோ காரை ஓடவிட்டு அணைத்தால் வெற்றிடம் திரும்ப நிரம்பிவிடும். அப்படியே புறப்பட்டால் முதல் சில முறை கருவி தேவைக்கு மேல் பிடித்து டயரைத் தேய்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இழுக்கப்படும் வண்டி எவ்வளவு எடையைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்பதற்குப் பல மாநிலங்களில் 3,000 பவுண்டு (சுமார் 1,360 கிலோ) என்ற எல்லை வழக்கில் இருக்கிறது. சில இடங்களில் சட்டம் டிரெய்லரை மனதில் வைத்து எழுதப்பட்டிருப்பதால் இழுக்கப்படும் காருக்குப் பொருந்துமா என்ற விவாதமும் உண்டு. பிரிட்டனில் இப்படி இழுக்கும் காரை டிரெய்லராகவே கருதுகிறார்கள். 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் இருந்தாக வேண்டும். கலிபோர்னியாவில் வேறு வண்டியை இழுத்துக்கொண்டு போனால் வேக வரம்பு மணிக்கு 55 மைல்தான். இந்த எல்லைகளையெல்லாம் ஒப்பிட்டு, எந்த மாநிலத்தில் பிரேக் இல்லாமல் தப்பிக்கலாம் என்று தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காரின் எடை மாநில எல்லையில் குறைந்துவிடுவதில்லை.

இணைப்பே அறுந்துவிட்டால்? டோ பாருக்குக் கீழே குறுக்காகப் போகும் இரண்டு பாதுகாப்புக் கம்பிவடங்கள், டோ பார் விட்டுவிட்டாலும் காரைப் பிடித்துவைக்கும். அதுவும் போனால் கடைசிக் காவல் ஒரு மெல்லிய கம்பி. கார் பிரியும்போது அது காரிலுள்ள சுவிட்சிலிருந்து ஊசியைப் பிடுங்கும், உடனே காரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கம்பியின் மறுமுனையை டோ பாரிலேயே மாட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹிட்சிலிருந்து டோ பாரே உருவிக்கொண்டு வந்தால் கம்பியும் அதோடு வந்துவிடும், ஊசி அசையாது. மோட்டார்ஹோமின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தொய்வும் வேண்டும்.

ஸ்டீயரிங் வேலையை யார் பார்க்கிறார்கள்? அதைக் காரே செய்கிறது. அலுவலக நாற்காலியைத் தள்ளும்போது அதன் குட்டிச் சக்கரங்கள் தாமாகத் திரும்பிப் பின்னால் வருமே, அதுபோலக் காரின் முன்சக்கர அமைப்பிலும் ஒரு சாய்வு உண்டு. இழுக்கும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். அதற்கு ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும். பல கார்களில் அதற்காகச் சாவியைத் திருப்பியே வைக்க வேண்டியிருப்பதால், நாள் முழுக்க இழுத்தால் பாட்டரி வடிந்துவிடும். சிலர் கையேட்டில் சொன்ன ஃப்யூஸைக் கழற்றுகிறார்கள், சிலர் மோட்டார்ஹோமிலிருந்து சார்ஜ் ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள்.

நாற்காலியைத் திடீரென்று எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தச் சக்கரங்கள் கோணிக்கொண்டு சுழலும். இந்தக் காருக்கும் அதே கதிதான். பின்னுக்குப் போனால் முன்சக்கரங்கள் சட்டென்று ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பிக்கொண்டு குறுக்கே உரசும். டோ பார் வளைவது, பேஸ் பிளேட் கோணுவது எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வேகத்தில் அல்ல, பெட்ரோல் பங்கில் பத்தடி ரிவர்ஸ் எடுக்கும்போது. உள்ளே நுழைந்தால் வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வளாகத்துக்குள்ளும் திரும்பக் கூடாது. மாட்டிக்கொண்டால் இறங்கிக் கழற்றுவது ஒன்றே வழி. அதையும் நேரான, சமமான தரையில் செய்தால் லகுவாக வரும். கோணி நின்ற நிலையில், இணைப்பைப் பூட்டும் இரும்பு பின்கள் இறுகிக்கொண்டு சுத்தியலுக்கும் அசையாது.

அப்புறம் டயர். என்னைக் கேட்டால் அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான். காருக்குள் ஆள் இருந்தால் பங்சரானதும் ஸ்டீயரிங்கில் தெரியும். எட்டு டன் வண்டியை ஓட்டுகிறவருக்கு, பத்து மீட்டர் பின்னால் ஒரு சிறு டயர் காற்றிறங்கியது தெரியவே தெரியாது. ரப்பர் கிழிந்து, ரிம் தரையில் உரசி, சூடேறி, சில நேரம் தீப்பிடிக்கிறது. பக்கத்தில் முந்திச் செல்கிறவர் கையாட்டிய பிறகுதான் விஷயம் தெரியவரும். காரின் நான்கு டயர் வால்விலும் காற்றழுத்த உணரி போட்டு, அதன் திரையை மோட்டார்ஹோம் ஓட்டுநர் முன்னால் வைத்தால் இதைத் தடுக்கலாம். பின்பக்கக் கேமராவை ஓட்டும் நேரமெல்லாம் எரியவிடுவதும் பெரிய உதவி.

அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துப் போனால், சொந்தக் காரை இழுக்க அந்த ஒப்பந்தமும் காப்பீடும் இடம் தருகின்றனவா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

காலையில் முகாமிலிருந்து புறப்படும் நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். இருவர் இருந்தால் நல்லது. பேஸ் பிளேட்டில் இரண்டு பக்கமும் பூட்டு பின்கள் இறங்கி, அதற்கு மேல் கிளிப்பும் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். டோ பார் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். 3 அங்குலத்துக்கு மேல் சரிவு இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் மேலேறவோ கீழே புதையவோ பார்க்கும். கம்பிவடம் இரண்டு, காரின் விளக்குகளுக்கான மின்ஒயர், ஊசிக் கம்பி, எல்லாம் மாட்டியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் ஓட்டுநர் இருக்கைக்குப் போக, இன்னொருவர் காருக்குப் பின்னால் நிற்கிறார்.

“இடது இண்டிகேட்டர்?”

“எரியுதுங்க.”

“பிரேக்?”

“ரெண்டு பக்கமும் வருது. காரோட ஹேண்ட் பிரேக்கை எடுத்தாச்சா?”

அந்தக் கடைசிக் கேள்வி கேட்கப்படாமல் போன காலைகளில்தான் பின்சக்கரங்கள் புகைகின்றன. பிறகு மோட்டார்ஹோமை நேராகச் சில அடி மெதுவாக முன்னால் நகர்த்த வேண்டும். டோ பாரின் இரண்டு கைகளும் நீண்டு, ஒவ்வொன்றாக ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். இரண்டு சத்தம் கேட்டாக வேண்டும். ஒன்றுதான் கேட்டது என்றால் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். காரின் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, போகலாம். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போய்விட்டது. நான்குமே சுட்டால் துணை பிரேக் கருவி மிதியை விடவே இல்லை. எதுவானாலும் காரணம் தெரியாமல் அங்கிருந்து காரை இழுத்துப் போகாதீர்கள். கழற்றி, கார் ஓடும் நிலையில் இருந்தால் ஒருவர் ஓட்டிவரட்டும். இல்லையென்றால் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.